விழாத பந்து

"மாமா, என் பந்து விழவே மாட்டேங்குது."

அக்கா மகன் நோட்டை என் மூக்குக்கு நேரே நீட்டினான். ஏழாம் வகுப்பு முடித்துவிட்டு லீவுக்குக் கோவளம் வந்திருக்கிறான். வந்த இரண்டாம் நாளே கடல் அலுத்துப்போய், பழைய நோட்டு ஒன்றில் பக்கத்துக்கு ஒன்றாகப் பந்து வரைய ஆரம்பித்துவிட்டான். கட்டைவிரலால் பக்கங்களைச் சரசரவென்று விட்டால் பந்து மேலிருந்து கீழே வரவேண்டும். வரத்தான் செய்தது. ஆனால் விழவில்லை. கிணற்றுக்குள் வாளியை விடுவதுபோல நிதானமாக இறங்கி, தரையைத் தொட்டு, லிஃப்டில் ஏறுவதுபோல அதே நிதானத்தில் மேலே போனது.

ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் பந்து சரியாக ஒரு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. பயல் அளந்துதான் வரைந்திருக்கிறான். அளந்ததுதான் தப்பு.

கையிலிருந்து நழுவிய பொருள் ஒரே வேகத்தில் இறங்காது. போகப்போக வேகம் ஏறும். சமமான கால இடைவெளிகளில் அது கடக்கும் தூரத்தை வரிசையாக எழுதினால் 1, 3, 5, 7, 9 என்று ஒற்றைப்படை எண்களின் விகிதத்தில் வளரும். நானூறு ஆண்டுகளுக்கு முன் கலிலியோ கண்ட கணக்கு. இவன் விரல் நொடிக்கு 12 பக்கம் புரட்டுகிறது என்று வைத்துக்கொண்டோம். நிஜப் பந்து முதல் பன்னிரண்டில் ஒரு பங்கு நொடியில் 3.4 சென்டிமீட்டர்தான் விழும். அடுத்ததில் 10.2. அதற்கடுத்து 17. நோட்டுக்குள் அடங்குவதற்காக எல்லாவற்றையும் பத்தில் ஒன்றாகக் குறுக்கினோம்: 3.4 மில்லிமீட்டர், 10.2, 17, 24, 31, 37. ஆறு பக்கத்தில் பன்னிரண்டு சென்டிமீட்டர் சொச்சம். நிஜத்தில் இது மார்பு உயரத்திலிருந்து, 1.2 மீட்டரிலிருந்து, அரை நொடியில் விழும் பந்து.

அழித்துவிட்டு மறுபடி வரைந்து புரட்டினான். பந்து தொப்பென்று விழுந்தது. காகிதத்தில் ஏது சத்தம்? இருந்தாலும் எனக்குக் கேட்டது.

"பந்து கனமாயிடுச்சு மாமா!"

பந்து அதே பந்துதான். அதே பென்சில், அதே வட்டம். வட்டங்களுக்கு நடுவே விட்ட இடம் மட்டும் மாறியிருக்கிறது. வரைந்த பொருளுக்கு எடை கிடையாது. அதற்கு எடை கொடுக்கவேண்டுமானால், அது எங்கே எத்தனை நேரம் இருக்கிறது என்பதில்தான் கொடுக்கவேண்டும்.

இதைக் கோவளத்தில் யாருக்கும் நான் சொல்லித்தரவேண்டியதில்லை. எங்கள் தெருக்கோடியில் இருக்கும் அண்ணன் முப்பது வருஷம் கடலுக்குப் போனவர். இப்போது முழங்கால் வலியால் கரையோடு சரி. காலையில் ஃபைபர் போட்டுகள் திரும்பும்போது மணலில் உட்கார்ந்தபடியே, எதில் மீன் இருக்கிறது, எது காலியாக வருகிறது என்று சொல்லிவிடுவார். போட்டு தண்ணீரில் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று பார்க்கிறீர்களா என்று ஒருநாள் கேட்டேன். "அவ்ளோ தூரத்துல அது எங்கப்பா தெரியும்? ஆட்டத்தைப் பாரு. காலி போட்டு துள்ளும். லோடு போட்டு நின்னு ஆடும்" என்றார்.

இயற்பியல் புத்தகம் இதையே சமன்பாடாகச் சொல்கிறது. மிதக்கும் படகைக் கொஞ்சம் அமுக்கிவிட்டால் தண்ணீர் அதை ஸ்பிரிங் மாதிரி மேலே தள்ளும். ஸ்பிரிங் அதேதான், சுமை கூடினால் ஆட்டம் மெதுவாகும். எடை இரண்டு மடங்கானால் ஒரு முறை ஏறி இறங்க ஏறக்குறைய 1.4 மடங்கு நேரம் பிடிக்கும். அண்ணன் கண்ணால் பார்ப்பது நேரத்தை. வாயால் சொல்வது எடையை. இந்த மாற்றல் கணக்கை அவர் மூளை அவரைக் கேட்காமலே போட்டுவிடுகிறது. நம் எல்லோர் மூளையும்தான். கார்ட்டூன் பட இயக்குநர்கள் பிழைப்பு நடத்தியது இந்தக் கணக்கை நம்பித்தான்.

கார்ட்டூன் இயக்குநர் என்றால் உட்கார்ந்து படம் வரைகிறவர் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஹாலிவுட்டின் பொற்காலத்தில், அதாவது 1930களிலிருந்து 1950கள் வரை, அவருடைய முக்கிய வேலை வேறு. நொடிக்கு 24 ஃபிரேம். ஆறு நிமிடப் படம் என்றால் 8,640 ஃபிரேம், 540 அடி பிலிம். எந்த அசைவு எந்த ஃபிரேமில் தொடங்கி எதில் முடியவேண்டும் என்று இயக்குநர் முன்கூட்டியே தாளில் எழுதிக் கொடுத்துவிடுவார். எக்ஸ்போஷர் ஷீட் என்பார்கள். ஒரு வரிக்கு ஒரு ஃபிரேம், ஓவிய அடுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். பார்த்தால் மளிகைக்கடைக் கணக்கு மாதிரி இருக்கும். ஒரு காலடிக்கு 12 ஃபிரேம் என்று எழுதினால் நிமிடத்துக்கு 120 அடி, ராணுவ நடை. எட்டு என்றால் ஓட்டம். வார்னர் பிரதர்ஸில் இருந்த ஃபிரிஸ் ஃபிரெலெங் இதை இசைத்தாளிலேயே எழுதினார். நம் ஊர் மிருதங்க வித்வானிடம் காட்டியிருந்தால் உடனே புரிந்திருக்கும்.

அந்தக் கூட்டத்தில் சக் ஜோன்ஸைத்தான் எனக்குப் பிடிக்கும். 1912-ல் பிறந்தவர். இந்தத் தொழிலில் அவர் செய்த முதல் வேலை பாத்திரம் தேய்ப்பதற்குச் சமானம்: படம் எடுத்து முடிந்த செல் தாள்களைக் கழுவி, மறுபடி வரைவதற்குத் தயாராக்குவது. செல் என்பது கண்ணாடி போன்ற செல்லுலாயிடுத் தாள். முன்பக்கம் மையால் கோடு, பின்பக்கம் வண்ணம். தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியம் செய்கிறவர்கள் நகையையும் கண்ணையும் முதலில் தீட்டிவிட்டு உடம்பைப் பிறகு தீட்டுவார்கள் அல்லவா, ஏறக்குறைய அந்தத் தலைகீழ் வித்தைதான். ஜோன்ஸ் 1933-ல் வார்னர் படங்களைத் தயாரித்துக்கொடுத்த ஸ்டூடியோவில் சேர்ந்து, 1938-ல் இயக்குநரானார். 1942-ல் 'தி டோவர் பாய்ஸ்' எடுத்தார். அதில் ஆட்கள் ஒரு நிலையில் அப்படியே நிற்பார்கள். சடாரென்று அடுத்த நிலையில் இருப்பார்கள். நடுவில் ஓரிரு ஃபிரேம்களுக்கு மட்டும் உடம்பு அல்வாபோல இழுபட்ட ஒரு சித்திரம். முதலாளிகளுக்கு இது பிடிக்கவில்லை.

இழுபட்ட அந்தச் சித்திரத்துக்குக் காரணம் கேமராவில் இருக்கிறது. சாதாரண சினிமா கேமரா ஒரு ஃபிரேமுக்குப் பொதுவாக நாற்பத்தெட்டில் ஒரு பங்கு நொடி கதவைத் திறந்து வைக்கிறது. அதற்குள் ஓடுகிற ஆள் நகர்ந்துவிடுவதால் உருவம் கலங்கிப் பதிவாகும். அந்தக் கலங்கல்தான் நம் கண்ணுக்கு ஓட்டத்தைச் சரளமாக்குகிறது. சித்திரத்தில் கலங்கல் இல்லை, எல்லாக் கோடும் கூர்மை. வேகமாக நகர்த்தினால் துண்டு துண்டாகத் தெறிக்கும். ஆகவே கலங்கலையும் கையாலேயே வரைந்துவிட்டார்கள். தரையில் மோதிய பந்தைச் சப்பையாகவும், விழுகிற பந்தை நீளமாகவும் வரைவதும் இதே குடும்பத்து வேலை. நிஜ ரப்பர் பந்தும் தரையில் சப்பையாகத்தான் செய்யும், ஆனால் சில மில்லிநொடிகளில் மீண்டுவிடும். நாம் பார்ப்பதே இல்லை. வரைகிறவர் அதை ஒரு முழு ஃபிரேம் நிறுத்திக் காட்டுகிறார். ஒரே நிபந்தனை, சப்பையானாலும் நீண்டாலும் பந்தின் கன அளவு மாறக்கூடாது. மாறினால் பந்து பலூனாகிவிடும். மருமகனிடம் இதைச் சொன்னேன். அடுத்த பக்கத்திலேயே இட்லி மாதிரி ஒன்றை வரைந்தான்.

சரி, தனித்தனிப் படங்கள் ஓட்டமாகத் தெரிவதே எப்படி? விழித்திரையில் ஒரு பிம்பம் மறைவதற்குள் அடுத்தது வந்து ஒட்டிக்கொள்கிறது என்று பள்ளியில் படித்திருப்போம். அது போதாத விளக்கம். பிம்பங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினால் குழப்படிதான் தெரியும், ஓட்டம் தெரியாது. கோயில் திருவிழாவில் வளைவு நெடுகக் கட்டும் சீரியல் லைட்டைப் பாருங்கள். எந்த பல்பும் நகர்வதில்லை. ஒன்று அணைகிறது, பக்கத்தது எரிகிறது. வெளிச்சம் ஓடுவதாகத்தான் பார்க்கிறோம். ஜோன்ஸ் பிறந்த அதே 1912-ல் மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர் இதை ஆராய்ந்து எழுதினார். இரண்டு கோடுகளை மாறி மாறிக் காட்டினார். இடைவெளி மிகக் குறைந்தால் இரண்டும் ஒருசேரத் தெரிந்தன. மிக அதிகமானால் ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் தெரிந்தன. நடுவில், சுமார் 60 மில்லிநொடியில், ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகர்ந்தது. ஓட்டம் மூளையில் உண்டாகிறது.

மூளையில் அதற்கென்று தனி இடமே உண்டு. 1983-ல் ஜெர்மனியில் ஆராய்ச்சியாளர்கள் ஒரு பெண்மணியைப் பற்றி எழுதினார்கள். மூளையின் பின்பகுதியில் ஏற்பட்ட பாதிப்பால் அவருக்கு அசைவு மட்டும் தெரியாமல் போய்விட்டது. நிறம் தெரியும், உருவம் தெரியும். கோப்பையில் தேநீர் ஊற்றினால் அது பனிக்கட்டிபோல் உறைந்து நிற்கும். எப்போது நிறுத்துவது என்று அவருக்குத் தெரியாது. ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையின் டீக்கடையில் மாஸ்டர் முழ நீளத்துக்கு டீ ஆற்றுவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அம்மாள் என் நினைவுக்கு வருவார்.

ஈசிஆர் என்றதும் சின்னதாக ஒரு கிளைக்கதை. முட்டுக்காட்டுப் பக்கம் போகும்போது மருமகன் ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்துத் துள்ளினான்: எம்ஜிஎம் டிஸ்ஸி வேர்ல்ட். 'டாம் அண்ட் ஜெர்ரி' எடுத்த கம்பெனி இங்கேயா என்றான். இல்லையப்பா, இது நம் ஊர் எம்ஜிஎம், அது ஹாலிவுட் எம்ஜிஎம் என்று விளக்கவேண்டியதாயிற்று. வார்னரிலிருந்து வெளியேறியபின் ஜோன்ஸ் 1963 முதல் சில வருடம் அந்த ஹாலிவுட் எம்ஜிஎம்முக்காக 'டாம் அண்ட் ஜெர்ரி' எடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். ராட்சத ராட்டினத்தின் முன் யார் அதைக் கேட்பார்கள்?

இந்தக் கார்ட்டூன் வித்தை நம் நாட்டுக்கு வந்த வழியில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. சித்திரங்களை ஓடவைக்கும் முயற்சிகள் இங்கே முன்பே நடந்திருக்கின்றன. தாதாசாகேப் பால்கே 1915-லேயே தீக்குச்சிகளை நடமாட வைத்தார். முறையான பள்ளி என்று சொல்லத்தக்கது பம்பாயில் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பட யூனிட்தான். 1956-ல் அமெரிக்கத் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின் கீழ் டிஸ்னி ஸ்டூடியோவிலிருந்து கிளேர் வீக்ஸ் அங்கே பயிற்சி தர வந்தார். இந்தியாவில் மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தவர். 'ஸ்னோ ஒயிட்', 'பாம்பி', 'பீட்டர் பான்' படங்களில் வேலை பார்த்தவர். அவரிடம் கற்க உட்கார்ந்த இளைஞர்களில் ஒருவர் ராம் மோகன். 1931-ல் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம் பெற்று, மேற்படிப்புக்கென்று பம்பாய் போய், அதை விட்டுவிட்டுச் சித்திரத்தில் விழுந்தவர்.

வேதியியல் வீணாகப் போயிருக்காது என்றுதான் நினைக்கிறேன். பிற்காலத்து செல் தாள்கள் செல்லுலோஸ் அசிடேட்டால் ஆனவை. ஈரமும் சூடும் பட்டால் நாளடைவில் சிதைந்து வினிகர் வாடை அடிக்கும். பம்பாய்க் கடற்காற்றுக்கு இது கொண்டாட்டம். தவிர, கேமராவுக்குக் கீழே நான்கைந்து செல்களை அடுக்கும்போது ஒவ்வொரு தாளும் கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்னும். அடித்தாளில் இருக்கும் சட்டையும் மேல்தாளில் இருக்கும் சட்டையும் ஒரே சிவப்பாகத் தெரியவேண்டுமானால் இரண்டுக்கும் வேறு வேறு சிவப்புக் குழைக்கவேண்டும்.

வீக்ஸ் காலத்தில் அந்த யூனிட் எடுத்த படம் 'தி பனியன் டீர்', 1957-ல் வந்தது. ஜாதகக் கதையிலிருந்து எடுத்த மான் கதை. 'பாம்பி'யும் மான் கதைதான். 'பாம்பி'க்காக டிஸ்னி நிஜ மான்குட்டிகளையே ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்து ஓவியர்களைப் பார்க்கவைத்தார். மெல்லிய நான்கு கால்கள் மேல் அத்தனை உடம்பு எப்படி நிற்கிறது, துள்ளுமுன் எப்படித் தாழ்கிறது என்பதுதான் பாடம். தாவப்போகிற விலங்கு முதலில் பதுங்கும். தசைகளை மடக்கி வைத்துக்கொள்ளாமல் எம்ப முடியாது. அந்தப் பதுங்கலுக்கு எத்தனை ஃபிரேம் கொடுக்கிறோமோ அதைப் பொறுத்து மான் கனக்கும் அல்லது பறக்கும்.

மான் என்றதும் நான் மருமகனை மாமல்லபுரம் கூட்டிப்போனேன். இங்கிருந்து தெற்கே சுமார் 20 கிலோமீட்டர். அர்ஜுனன் தபசுப் பாறையில் ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொள்கிறது. ஏழாம் நூற்றாண்டு வேலை, கருங்கல். மூன்று காலில் நிற்கிற மானின் எடை எந்தக் காலில் இறங்குகிறது என்று பாருங்கள். சிற்பி அதைத் தவறவிடவில்லை. கொஞ்சம் தள்ளி, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிற பூனை, காலடியில் நம்பிக்கையோடு எலிகள். பயலுக்கு அதைக் காட்டியதும், "டாம் அண்ட் ஜெர்ரி!" என்றான். இம்முறை நான் திருத்தவில்லை. மகிஷாசுரமர்த்தினி குகைக்கும் போனோம். தேவி சிங்கத்தின் மேல் முன்னோக்கிச் சாய்ந்து வருகிறாள். எருமைத்தலை அசுரன் கதாயுதத்தோடு பின்னோக்கிச் சாய்கிறான். அந்த இரண்டு சாய்வுக் கோடுகளைப் பென்சிலால் இழுத்துப் பார்த்தால் சண்டை யார் பக்கம் சாயப்போகிறது என்று புரிந்துவிடும். அசைவுக்கோடு என்று அனிமேஷன் வகுப்பில் சொல்லித்தருவது இதைத்தான். பல்லவச் சிற்பியிடம் ஒரே ஒரு ஃபிரேம்தான் இருந்தது. எந்த ஃபிரேம் என்பதை அவன் தேர்ந்தெடுத்திருக்கிறான்.

ராம் மோகனுக்குக் கிடைத்த சித்திரங்கள் அதைவிடச் சற்று அதிகம், டிஸ்னியைவிட மிகமிகக் குறைவு. அரசாங்க யூனிட்டில் நூற்றுக்கணக்கான ஓவியர்கள் ஏது? நொடிக்கு 24 சித்திரம் வரைய முடியாது. ஒரு சித்திரத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் 12. மூன்றுக்கு நிறுத்தினால் 8. உடம்பை அப்படியே வைத்துக்கொண்டு வாயையும் புருவத்தையும் மட்டும் அசைத்தால் இன்னும் மிச்சம். என் கருத்தில், இந்தியாவுக்குக் கைகொடுத்தது 'பாம்பி' வழி அல்ல; 'டோவர் பாய்ஸ்' தொடங்கிவைத்து யூபிஏ போன்ற ஸ்டூடியோக்கள் வளர்த்த சிக்கன வழி. குறைந்த சித்திரம், கூர்மையான நிலை, சரியான நேரம். ராம் மோகனின் 'ஹோமோ சாப்ஸ்', 'யூ செட் இட்' போன்ற குறும்படங்கள் அந்த வழியில் நடந்து தேசிய விருது வாங்கின. 1968-ல் பிலிம்ஸ் டிவிஷனை விட்டு பிரசாத் புரொடக்‌ஷன்ஸின் அனிமேஷன் பிரிவுக்குத் தலைவராகப் போனார். 1972-ல் சொந்தமாக ராம் மோகன் பயோகிராஃபிக்ஸ் தொடங்கினார். நடுவில் மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்', பிறகு சத்யஜித் ராயின் 'சத்ரஞ்ச் கே கிலாடி' என்று பெரியவர்களின் படங்களில் அனிமேஷன் துணுக்குகள். மற்றபடி விளம்பரம், ஹிந்திப் படங்களுக்கு டைட்டில். சோறு போட்டது அதுதான்.

கை நிறையச் சித்திரம் வரையும் வாய்ப்பு அவருக்கு ஜப்பானிலிருந்து வந்தது. யூகோ சாகோ என்ற ஜப்பானியர், இந்தியாவில் நடந்த ராமாயண இடங்களின் அகழாய்வு பற்றி ஆவணப்படம் எடுக்கவந்து, ராமாயணத்தில் மனம் பறிகொடுத்து, அதை முழுநீள அனிமேஷனாக்க முனைந்தார். 1992-ல் முடிந்த 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா'வின் இயக்குநர்கள் யூகோ சாகோ, கோயிச்சி சசாகி, ராம் மோகன். கையால் வரைந்த செல்கள் மட்டும் ஏறக்குறைய ஒரு லட்சம். ஜப்பானிய ஓவியர்களுக்கு இங்கிருந்து போனவர்கள் சொல்லித்தந்தவற்றில் ஒன்று, வேட்டி கட்டும் விதம். சின்ன விஷயமாகப் படலாம். வேட்டி கட்டியவன் வேகமாக நடந்து சட்டென்று நின்றால் உடம்பு நின்றுவிடும், வேட்டி நிற்காது. முழங்கால் பக்கத்துத் துணி இரண்டு மூன்று ஃபிரேம் தாமதமாகவும், கரையோர நுனி இன்னும் தாமதமாகவும் வந்துசேர்ந்து, கொஞ்சம் தாண்டிப்போய்த் திரும்பி அடங்கும். நியூட்டனின் முதல் விதி. காலோடு ஒட்டிய பேன்ட் மாதிரி அதை வரைந்திருந்தால் ராமனும் பேன்ட் போட்ட ராமனாகத்தான் நடந்திருப்பான். அந்தப் படம் 2025 ஜனவரியில் தமிழ் உட்படச் சில மொழிகளில் நம் திரையரங்குகளுக்கு வந்தது. மூன்று தசாப்தம் தாண்டியும் அனுமனின் தாவல்களில் கனம் குறையவில்லை.

அந்தப் படம் உருவான காலகட்டத்தில் யூனிசெஃபுக்காக ராம் மோகன் உருவாக்கியவள் மீனா. தெற்காசியக் கிராமத்துப் பெண் பிள்ளை, தோளில் மிட்டு என்ற கிளி. முதல் கதையில் அவளைப் பள்ளிக்கு அனுப்பமாட்டார்கள். கிளி வகுப்பறைப் பக்கம் போய்ப் பாடம் கேட்டுவந்து சொல்லும்; அப்படிக் கற்ற எண்ணிக்கையை வைத்து ஒரு கோழி காணாமல் போனதைக் கண்டுபிடிப்பாள். அதை வரைந்தது மணிலாவில் ஹன்னா-பார்பெராவின் ஸ்டூடியோவில். 'டாம் அண்ட் ஜெர்ரி'யை முதலில் உண்டாக்கிய அதே ஹன்னா, அதே பார்பெரா. சக் ஜோன்ஸுக்கும் இப்படி ஒரு படம் உண்டு. 1949-ல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறைக்காக அவர் எடுத்த 'சோ மச் ஃபார் சோ லிட்டில்' என்ற கார்ட்டூன், குறும்பட ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. ராம் மோகனுக்கு 2014-ல் பத்மஸ்ரீ. 2019 அக்டோபரில் காலமானார். தமிழ்ப் பத்திரிகைகளில் அவரைப் பற்றி நான் அதிகம் படித்ததில்லை.

மாமல்லபுரத்திலிருந்து திரும்பிய மாலை மருமகன் போனில் ரோட் ரன்னரைத் துரத்தும் கயோட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜோன்ஸ் 1949-ல் தொடங்கிய வரிசை. ஓநாய் மாதிரி இருக்கும் கயோட்டி மலை விளிம்பைத் தாண்டி ஓடும். வெற்றுவெளியில் நிற்கும். கீழே பார்க்கும். அப்புறம்தான் விழும்.

"பாக்காம இருந்தா விழாதா மாமா?"

விழும். கால் விளிம்பை விட்ட கணத்திலிருந்தே விழத் தொடங்கிவிடும், முன்னேயும் போய்க்கொண்டே. ஆனால் அவன் கேள்வியில் அசட்டுத்தனம் இல்லை. மைக்கேல் மெக்ளோஸ்கி என்ற உளவியலாளர் 1980களில் கல்லூரி மாணவர்களிடமே இந்த மாதிரிக் கேள்விகளைக் கேட்டார். நடந்துபோகிறவன் கையிலிருக்கும் பந்தை விட்டால் அது எங்கே விழும்? விட்ட இடத்துக்கு நேர் கீழே என்றார்கள் பலர். சிலர் பின்னால் என்றார்கள். மருமகனைக் கடற்கரைக்கு இழுத்துப்போனேன். மணலில் ஈரம் இருந்த இடத்தில் ஒரு கோடு கிழித்து, "நடந்துகிட்டே வந்து கை கோட்டுக்கு மேல வரும்போது பந்தை விடு" என்றேன். கோட்டிலேயே விழும் என்று பந்தயம் கட்டினான். பந்து கோட்டைத் தாண்டி இரண்டடி தள்ளி, அவன் காலடியிலேயே பொத்தென்று விழுந்தது. அரை நொடி வீழ்ச்சி, நொடிக்கு 1.2 மீட்டர் நடை, ஆக 60 சென்டிமீட்டர். ஐந்து தடவை செய்தான். முழங்கால் வலி அண்ணன் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "ஓடுற போட்டுலேர்ந்து நங்கூரம் போட்டா எங்க விழும்னு எங்களுக்குத் தெரியும்ல" என்றார்.

வீட்டுக்கு வந்து கயோட்டியின் வீழ்ச்சியை எண்ணினோம். ஜோன்ஸ் தன் கணக்கை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்: விழுந்து புள்ளியாகி மறைய 18 ஃபிரேம்; பிறகு ஒன்றுமில்லாமல் 14 ஃபிரேம்; அப்புறம் கீழே குட்டிப் புழுதிப் புகை. பதிமூன்றும் எடுபடவில்லை, பதினைந்தும் எடுபடவில்லை, பதினாலுக்குத்தான் சிரித்தார்கள் என்பது அவர் அனுபவம். பதினெட்டு ஃபிரேம் என்பது முக்கால் நொடி. முக்கால் நொடியில் நிஜமாக விழுகிற பொருள் 2.75 மீட்டர்தான் இறங்கியிருக்கும், ஒரு மாடி உயரம்கூட இல்லை. 300 மீட்டர் பள்ளத்தாக்கின் அடியைத் தொட, காற்றின் தடையை விட்டுவிட்டாலும், ஏறக்குறைய எட்டு நொடி ஆகும். எட்டு நொடி காத்திருந்தால் சிரிப்பு செத்துவிடும். கயோட்டி மேல் பரிதாபம் வந்துவிடும். கலிலியோவை அப்படியே வைத்தால் பந்துக்குக் கனம் வந்தது. கயோட்டிக்கோ கலிலியோவைக் கொஞ்சம் ஏமாற்றவேண்டியிருக்கிறது: வீழ்ச்சியைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கிவிட்டு, மிச்சப் பள்ளத்தின் ஆழத்தை அந்த வெறும் பதினாலு ஃபிரேமுக்குள் வைத்துவிட்டார். படத்தில் எதுவுமே நடக்காத அரை நொடி சொச்சம். அந்த நேரத்தில் கயோட்டி இன்னும் விழுந்துகொண்டிருப்பது நம் மண்டைக்குள்.

"அப்ப நம்ம நோட்டுல எத்தனை பக்கம் மாமா?"

நொடிக்கு 12 பக்கம் என்பதால் எல்லாம் பாதி. மறைய ஒன்பது பக்கம், வெற்றுப் பக்கம் ஏழு, புகைக்கு ஒன்றாவது வேண்டும். பதினேழு. அவன் நோட்டைப் பின்னாலிருந்து எண்ணினான்.

"பதினொண்ணுதான் இருக்கு."

"வெறும் பக்கத்தைக் குறைச்சுக்கோயேன். ஒண்ணே ஒண்ணு விடு."

எனக்குத் தெரியும் அவன் ஒப்புக்கொள்ளமாட்டான் என்று. பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு, ஏழு வெள்ளைப் பக்கத்துக்காக, முக்குக் கடைக்கு ஓடினான்.